கழன்று ஆடும் டிரைவ் ஷாஃப்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ரேடியோ கட்டுப்பாட்டு வண்டிகள் பற்றி வந்த கடிதங்களில், டிரக்குகளின் டிரைவ் ஷாஃப்ட் (மோட்டாரின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் தண்டு) தளர்வது பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். முதல் கடிதத்துக்கான பதில் நீளமானது. மற்றவற்றுக்கும் அதுவே அடிப்படை என்பதால் அதைத் தாண்டிச் செல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கேள்வி: என்னிடம் 1/10 அளவில், பின்சக்கரங்களால் மட்டும் இயங்கும் ஷார்ட் கோர்ஸ் டிரக் ஒன்று இருக்கிறது. வலப்பக்கப் பின்சக்கரத்துக்குச் செல்லும் டிரைவ் ஷாஃப்ட் அடிக்கடி தளர்ந்துவிடுகிறது. கியர்பாக்ஸ் பக்கத்துத் திருகை இறுக்கினால் சிறிது நேரம் தாங்குகிறது, பிறகு பழையபடி ஆடுகிறது. போன வாரம் மேட்டில் ஏற்றிக் குதிக்க வைத்தபோது ஷாஃப்டே கழன்று புல்லுக்குள் விழுந்துவிட்டது. திருகின் மேல் ஃபெவிக்விக் ஊற்றி ஒட்டிவிடலாமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: ஃபெவிக்விக் வேண்டாம். அது இறுகியபின் விறைத்துவிடும் பசை. குதித்து விழும் அதிர்ச்சியில் பொடிப்பொடியாக நொறுங்கும். போதாக்குறைக்கு, மூட்டின் இடுக்கில் வழிந்துவிட்டால் அசைய வேண்டிய பாகமும் அசையாமல் போய்விடும். எதை இறுக்குவது என்று முடிவு செய்வதற்கு முன், ஆட்டம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்; ஏனென்றால் ஷாஃப்ட் ஆடுவதற்குக் காரணமாகக்கூடிய இடங்கள் பல, அவற்றுள் சிலவற்றில் ஆட்டம் இருந்தே ஆக வேண்டும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்படி வண்டியை ஒரு பெட்டியின் மேல் வையுங்கள். டிராக்ஸஸ் ஸ்லாஷ் போன்ற பின்சக்கர இயக்க டிரக்குகளில் ஷாஃப்ட் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளால் ஆனது. சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் மாறுவதால், ஒரு துண்டு மற்றதற்குள் நீளவாக்கில் வழுக்கிச் செல்லும். அந்த வழுக்கல் தங்குதடையின்றி இருக்க வேண்டும்; அதைக் குறையென்று எண்ணி இறுக்க முற்பட்டால், சக்கரம் மேலெழும் ஒவ்வொரு முறையும் ஷாஃப்ட் டிஃபரென்ஷியலின் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுதி) பேரிங்கைப் போய் இடிக்கும். அதேபோல, ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை முன்னும் பின்னும் அசைத்தால் தெரியும் சிறு சுழற்சி ஆட்டத்தில் டிஃபரென்ஷியல் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும் சேர்ந்திருக்கிறது. அதற்கும் ஷாஃப்டுக்கும் தொடர்பில்லை.

இனி உண்மையான குறையைத் தேடுவோம். கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் உலோக அச்சை ஒரு கைவிரலாலும், அதன்மேல் மாட்டியிருக்கும் கவையை (இரு காதுகள் கொண்ட, ஷாஃப்டின் முனைப் பாகம்) மறுகை விரலாலும் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். அச்சு அசையாமல் கவை மட்டும் அசைந்தால் குற்றம் அங்குள்ள திருகில்தான். அந்த இடம் உறுதியாக இருந்து, கவைகளை இணைக்கும் சிலுவை வடிவக் கட்டைக்கும் கவைக்கும் நடுவே ஆட்டம் தெரிந்தால், பிளாஸ்டிக் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறது. எந்தத் திருகை இறுக்கினாலும் அது சரியாகாது, பாகத்தை மாற்றுவதைத் தவிர வழியில்லை. கடைசியாக, சக்கரத்தின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பிடித்து உள்ளும் புறமும் அசையுங்கள். சக்கரம் தலையாட்டினால், சக்கரத்தைத் தாங்கும் ஹப்பில் உள்ள பேரிங் போய்விட்டது (1/10 வண்டிகள் பலவற்றில் அது 5 × 11 × 4 மி.மீ. அளவுடையது), அல்லது சக்கர நட்டின் நைலான் வளையம் பிடிப்பை இழந்துவிட்டது. இந்த இரண்டும் ஷாஃப்டின் தளர்வாகவே கைக்குத் தெரியும் என்பதால் பலர் இங்கே ஏமாந்துபோகிறார்கள்.

தாங்கள் எழுதியிருப்பதைப் பார்க்கும்போது, குற்றம் திருகில்தான் இருப்பதாகத் தெரிகிறது. இறுக்கிய திருகு ஏன் கழல்கிறது என்பதை, 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் சோதனை வாயிலாகத் தெளிவாகக் காட்டினார்: திருகின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, அதற்குக் குறுக்காக வரும் அசைவுதான் மரைகளை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கச் செய்து திருகைத் தானாகவே பின்னோக்கிச் சுழற்றுகிறது. டிரைவ் ஷாஃப்டில் நடப்பது அப்படியே இதுதான். ஆக்ஸிலரேட்டரைக் கொடுக்கும்போது ஒரு திசையிலும், பிரேக் பிடிக்கும்போது எதிர்த்திசையிலும் முறுக்கம் மாறி மாறி வர, கவை அச்சின்மேல் நூலளவு முன்னும் பின்னும் நகர்ந்து திருகைக் குறுக்காக ஆட்டிக்கொண்டே இருக்கிறது. நீண்ட போல்ட் இறுக்கும்போது சற்றே இழுபட்டு, அந்த இழுவிசையால் பிடித்துக்கொள்ளும். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள தலையில்லாத கிரப் ஸ்க்ரூவுக்கு அப்படி இழுபட இடமில்லை. ஆகவே, எவ்வளவு பலமாக இறுக்கினாலும் அது மட்டும் போதாது.

இதற்கென்றே இருப்பது த்ரெட்லாக்கர். நம் ஊர் மெக்கானிக்குகள் எந்த நிறுவனத்துடையதையும் லாக்டைட் என்றே சொல்வார்கள். இது காற்று இல்லாத இடத்தில், உலோகத்தோடு தொடர்பு ஏற்பட்டால் மட்டுமே இறுகும் திரவம். புதிய குப்பியை வாங்கிப் பார்த்தால் பாதிதான் நிரம்பியிருக்கும். கடைக்காரர் மீது சந்தேகப்பட வேண்டாம், குப்பிக்குள்ளேயே இறுகிவிடாமல் இருக்க அந்தக் காற்று தேவை. லாக்டைட் வகையில் நீல நிறமான 242 அல்லது 243 தங்கள் வேலைக்குப் பொருத்தமானது. சிவப்பு வகை நிரந்தரப் பிடிப்புக்கானது. அதை இங்கே தொடவே வேண்டாம்.

திருகை முழுவதுமாகக் கழற்றி, அதன் மரையையும் துளையின் மரையையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் அல்லது பிரேக் கிளீனரில் நனைத்த பழைய பல்துலக்கியால் தேய்த்துத் துடையுங்கள். புதிய உதிரிபாகங்களிலும் தொழிற்சாலை எண்ணெய்ப் பூச்சு இருக்கும் என்பதால் அவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். எண்ணெய் பிசுக்கு இருக்கும்போது த்ரெட்லாக்கர் பிடிக்காமல் போவதுதான் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். நன்கு உலர்ந்தபின், ஒரு குண்டூசி முனையால் மரையின் நடுப்பகுதியில் ஒரு சிறு துளி மட்டும் வைத்து, திருகின் முனை அச்சின் தட்டையான பகுதிக்கோ துளைக்கோ நேராக வருகிறதா என்று பார்த்துக்கொண்டு இறுக்குங்கள். முனை வளைந்த பரப்பில் உட்கார்ந்தால் எந்தப் பசையும் அதைக் காப்பாற்றாது. பத்து இருபது நிமிடத்தில் பிடித்துவிட்டதுபோல் தோன்றினாலும், முழு வலிமை வர 24 மணி நேரம் ஆகும். சனிக்கிழமை மாலையில் வேலையை முடித்தால் ஞாயிறு மாலைக்கு மேல்தான் ஓட்ட வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. த்ரெட்லாக்கர் உலோகத்துக்குள் உலோகம் செல்லும் இடத்துக்கு மட்டுமே உரியது. பாலிகார்பனேட், ஏ.பி.எஸ். போன்ற பிளாஸ்டிக்குகளில் பட்டால் மயிரிழைபோன்ற வெடிப்புகளை உண்டாக்கும். பிளாஸ்டிக்குக்குள் நேராகச் செல்லும் திருகை மீண்டும் போடும்போது, முதலில் எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். பழைய மரைக்குள் அது இறங்கும்போது கையில் ஒரு சிறு அதிர்வு தெரியும், அதன்பின் வழக்கமான திசையில் இறுக்கினால் புதிய மரை வெட்டப்படாமல் பழைய பிடிப்பு அப்படியே இருக்கும்.

கேள்வி: என் வண்டியில் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் கிரப் ஸ்க்ரூவின் அறுகோணக் குழி வட்டமாகத் தேய்ந்துவிட்டது. ஆலன் கீ உள்ளே சும்மா சுற்றுகிறது. முன்பு யாரோ சிவப்பு த்ரெட்லாக்கர் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.
(வாசகர், சேலம்)

பதில்: முதலில் சூடு, பிறகுதான் பலம். சிவப்பு வகை ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இளகும். பேட்டரியையும் அருகிலுள்ள பிளாஸ்டிக் பாகங்களையும் அகற்றிவிட்டு, ஜன்னல் திறந்த அறையில், நன்கு சூடேறிய சால்டரிங் அயர்னின் முனையைத் திருகின் குழிக்குள் ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தீப்பிழம்பு காட்டினால் பக்கத்துப் பேரிங்கின் ரப்பர் மூடிகள் கருகிவிடும். சூடு ஆறுவதற்குள் திருக வேண்டும்.

எம்3 கிரப் ஸ்க்ரூவுக்கு உரியது 1.5 மி.மீ. ஆலன் கீ, எம்4 அளவுக்கு 2 மி.மீ. வேண்டும். குழி தேய்ந்த எம்3 திருகுக்குள், அங்குல அளவுள்ள 1/16 கீயை (1.59 மி.மீ.) சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்கினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். திருகு வெளியே வந்தபின் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள். பந்துமுனை உள்ள கீயால் இறுதி இறுக்கத்தைக் கொடுக்காதீர்கள். குழிகள் வட்டமாவது பெரும்பாலும் அதனால்தான்.

கேள்வி: பெரிய ஷாக் அப்ஸார்பர்களைப் போட்டு என் டிரக்கை உயர்த்தினேன். அதிலிருந்து டாக்போன் ஷாஃப்ட், கியர்பாக்ஸ் பக்கத்துக் கிண்ணத்திலிருந்து நழுவி விழுகிறது. நீளமான டாக்போன் வாங்க வேண்டுமா?
(வாசகர், சிங்கப்பூர்)

பதில்: வாங்குவதற்கு முன் ஷாக்குகளைப் பாருங்கள். இரு முனைகளிலும் குறுக்கு ஊசி கொண்ட டாக்போன், கிண்ணத்தின் பிளவுக்குள் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடித்துவைக்கத் திருகு எதுவும் கிடையாது. ஷாக் நீளமானதால் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கை முன்பைவிடத் தாழ்வாகத் தொங்குகிறது, ஷாஃப்டின் கோணம் கூடுகிறது, ஊசி கிண்ணத்தின் வாய்வரை வந்துவிடுகிறது. குதிக்கும்போது சக்கரங்கள் முழுமையாகத் தொங்கும் நேரத்தில்தான் அது நழுவும் என்பதால், தரையில் நிற்கும் வண்டியைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

ஷாக்கின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் கையை அதன் கீழெல்லைவரை இறக்குங்கள். அந்த நிலையிலும் ஊசி முழுவதும் பிளவுக்குள் இருக்க வேண்டும். பிறகு மேலெல்லைவரை உயர்த்துங்கள். அங்கே ஷாஃப்டை விரலால் தள்ளினால் ஏறத்தாழ 1 மி.மீ. அசைய வேண்டும். நீளமான டாக்போன் முதல் சோதனையில் தேறினாலும் இரண்டாவதில் தோற்று, கியர்பாக்ஸை உள்நோக்கி முட்டும் அபாயம் உண்டு. எனவே கை தாழ்வதையே கட்டுப்படுத்துவது நல்லது: ஷாக்கைப் பிரித்து, தண்டில் பிஸ்டனுக்குக் கீழே சிறு நைலான் வளையங்களைக் கோத்துவிட்டால் அது நீளும் தூரம் குறையும். சில வண்டிகளில் கையிலேயே இதற்கென்று ஒரு திருகு இருக்கும். கிண்ணத்துக்குள் ரப்பர் ஓ-ரிங் போடும் வழக்கமும் உண்டு. எஞ்சிய 1 மி.மீ. ஆட்டத்தில் ஷாஃப்ட் தடதடக்காமல் இருக்க அது உதவும், நழுவலைத் தடுக்க உதவாது.

கிண்ணத்தின் உட்சுவரில் ஊசி பதிந்து பள்ளம் விழுந்திருந்தால், இடக் கிண்ணத்தை வலப்பக்கத்துக்கும் வலத்தை இடப்பக்கத்துக்கும் மாற்றுங்கள். முன்னோக்கி ஓடும்போது இதுவரை சுமை தாங்காத சுவர் இனித் தாங்கும். செலவில்லாமல் இன்னொரு ஆயுள் கிடைக்கும்.

கேள்வி: பாறை ஏறும் கிராலர் டிரக்கின் நடு ஷாஃப்டுகளைச் சுத்தம் செய்வதற்காகப் பிரித்து மீண்டும் மாட்டினேன். எல்லாத் திருகுகளும் இறுக்கமாகவே இருக்கின்றன, ஆனாலும் வண்டி நடுங்குகிறது, ஓரிரு நாளில் ஒரு திருகு தளர்ந்துவிடுகிறது.
(வாசகர், டொரொண்டோ)

பதில்: திருகு தளர்வது விளைவுதான், நடுக்கமே மூலம். கியர்பாக்ஸிலிருந்து ஆக்ஸில்களுக்குச் செல்லும் தங்கள் நடு ஷாஃப்ட், நீளவாக்குப் பற்களின் வழியே ஒன்றுக்குள் ஒன்று செருகப்படும் இரு துண்டுகள். கழற்றியபின் சில பற்கள் தள்ளிச் செருகியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

சாதாரண யூனிவர்சல் ஜாயின்ட் (இரு கவைகளைச் சிலுவைக் கட்டையால் இணைக்கும் மூட்டு), கோணத்தில் வளைந்திருக்கும்போது சீரான வேகத்தைக் கடத்துவதில்லை. உள்ளே வரும் அச்சு ஒரே வேகத்தில் சுழன்றாலும், வெளியே செல்லும் அச்சு ஒரு சுற்றில் இரு முறை வேகம் கூடி, இரு முறை குறையும். கோணம் 10 டிகிரியாக இருந்தால் இந்த ஏற்றத்தாழ்வு 1.5 விழுக்காடுதான், கவலையில்லை. உயர்த்திய கிராலர்களில் எளிதில் வந்துவிடும் 30 டிகிரியிலோ, வேகம் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையே ஊசலாடும். ஷாஃப்டின் இரு முனைகளிலும் இரு ஜாயின்ட்கள் வைப்பதற்குக் காரணமே, முதல் ஜாயின்ட் உண்டாக்கும் ஏற்றத்தாழ்வை இரண்டாவது எதிராகச் செய்து நேராக்கிவிடும் என்பதுதான். அது நடக்க, நடுத்தண்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஷாஃப்டை மேசைமேல் படுக்க வைத்து ஒரு முனையிலிருந்து பார்த்தால் இரு கவைகளின் காதுகளும் ஒன்றையொன்று மறைக்க வேண்டும். 90 டிகிரி மாறிச் செருகினால் ஏற்றத்தாழ்வு நேராவதற்குப் பதிலாகக் கூடிவிடும்; நடுங்கும் ஷாஃப்டில் மேலே சொன்ன குறுக்கசைவு ஓயாது என்பதால், திருகு தளர்வது நிச்சயம்.

ஷாஃப்டை வெளியே எடுத்து, கவைகளை நேராக்கிச் செருகி, இரு துண்டுகளின் மேலும் சேர்ந்து செல்லும்படி வெள்ளைப் பெயின்ட்டாலோ நகப்பூச்சாலோ ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை கோட்டைச் சேர்த்தால் போதும். பின் ஆக்ஸில் முழுமையாகத் தாழ்ந்த நிலையில் பற்கள் எவ்வளவு உள்ளே இருக்கின்றன என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நுனியில் மட்டும் பற்றியிருந்தால் தேய்மானம் மிக விரைவாக வரும்.

டாமியா நிறுவனம் 1987-இல் வெளியிட்ட கிளாட் பஸ்டர் டிரக்கில் இந்தச் சிக்கலே எழவில்லை; அதில் ஒவ்வொரு ஆக்ஸிலின் மேலும் ஒரு மோட்டார் நேராகப் பொருத்தப்பட்டிருந்ததால் நடு ஷாஃப்ட் தேவைப்படவில்லை. ஸ்பிரிங்குகள் தாங்காமல் சக்கரங்களோடு சேர்ந்து ஏறி இறங்கும் எடை கூடுவது அதற்குக் கொடுக்கும் விலை என்றாலும், அழகான தீர்வு.

கேள்வி: 1/16 அளவுள்ள என் மகனின் சிறிய டிரக்குக்கு உலோக ஷாஃப்ட் வாங்கினேன். அச்சு வழவழப்பான உருளையாக இருப்பதால் கிரப் ஸ்க்ரூ பிடிக்காமல் வழுக்குகிறது.
(வாசகி, மதுரை)

பதில்: அச்சில் ஒரு தட்டையான பகுதி வேண்டும். ஷாஃப்டைச் சரியான இடத்தில் மாட்டித் திருகை ஒரு முறை இறுக்கிக் கழற்றினால், அதன் முனை அச்சின்மேல் ஒரு சிறு வடுவை விட்டிருக்கும். அதுவே தாங்கள் அராவ வேண்டிய இடம். பேரிங்கையும் கியர்பாக்ஸ் வாயையும் ஈரத்துணியாலும் ஒட்டுநாடாவாலும் மூடிவிட்டு, மெல்லிய அரத்தால் திருகின் முனையைவிடச் சற்று அகலமாக அராவுங்கள். இரும்பு அரம் வழுக்கினால் அச்சு கடினப்படுத்தப்பட்ட எஃகு என்று பொருள். அதற்கு வைர அரம் வேண்டும். அராவிய தூள் ஒரு துளி பேரிங்கில் போனாலும் அது வீணாகும் என்பதால், மூடியதை எடுக்குமுன் துடைத்துவிட்டு, ஒரு காந்தத்தையும் அங்கே காட்டுங்கள். இந்த வேலையைப் பையனோடு சேர்ந்து செய்யலாம், அராவும்போது மட்டும் இருவரும் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் ஷாஃப்ட் தேய்ந்து ஆடுகிறது. மாற்றும்போது எஃகு சி.வி.டி. ஷாஃப்டாகவே (முனையில் ஊசியால் இணைந்த மூட்டு கொண்ட தண்டு) போட்டுவிடலாமா?
(வாசகர், ஈரோடு)

பதில்: மோட்டாரைப் பொறுத்தது. வண்டியோடு வந்த சாதாரண பிரஷ்டு மோட்டார் என்றால் அதே பிளாஸ்டிக் ஷாஃப்டைப் புதிதாகப் போடுவதையே பரிந்துரைக்கிறேன். அது எடை குறைந்தது, விலை மலிவு. எங்காவது மோதினால் முதலில் அதுவே முறிந்து, டிஃபரென்ஷியலையும் கியர்பாக்ஸையும் காப்பாற்றுகிறது. எஃகு ஷாஃப்ட் போட்டபின் அதே மோதலின் அடி உள்ளே இருக்கும் பற்களுக்குப் போகும். ஷாஃப்டை மாற்றுவதைவிடக் கியர்பாக்ஸைப் பிரிப்பது பல மடங்கு வேலை.

ஆற்றல் மிகுந்த பிரஷ்லெஸ் மோட்டாரோடு மூன்று செல் லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி போட்டிருந்தால் கணக்கு வேறு. அந்த முறுக்கத்தில் பிளாஸ்டிக் பற்கள் முறுக்கிக்கொண்டு ஆடத் தொடங்கும். எஃகு நியாயமான தேர்வுதான். சி.வி.டி. ஷாஃப்டின் மூட்டில் ஒரு சிறு ஊசியும், அதைப் பிடித்திருக்கும் ஒரு சிறு கிரப் ஸ்க்ரூவும் இருக்கும். அந்தத் திருகு தளர்ந்தால் ஊசி வெளியே நகர்ந்து ஹப்பின் உட்சுவரைக் கடைந்துவிடும். ஆகவே புதிதாக வாங்கிய ஷாஃப்டாக இருந்தாலும், மாட்டுவதற்கு முன் அந்தத் திருகைக் கழற்றி, எண்ணெய் நீக்கி, நீல த்ரெட்லாக்கரை மிகச் சிறு துளியாக வைத்து இறுக்குங்கள். துளி பெரிதானால் அது மூட்டுக்குள் கசிந்து, மூட்டையே பூட்டிவிடும். மறுநாள் மூட்டை எல்லாப் பக்கமும் வளைத்துப் பார்த்து, தடையின்றி அசைவதை உறுதி செய்துகொண்டபின் மெல்லிய கிரீஸ் தடவி மாட்டுங்கள்.